மாத்திரை மாறிப்போவது யார் தவறு?

'உளவியல் அறிந்து பொருள்களை வடிவமைத்தால் உடல்நலம் மேம்படுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். மேம்படும் என்பதற்கு மாத்திரை உறையே சான்று.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி வாங்கும் மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கைந்து மாத்திரைகள் கொடுக்கும்போது, மருந்தின் பெயரும் காலாவதி நாளும் பல வேளைகளில் கடையிலேயே மிஞ்சும் துண்டோடு நின்றுவிடுகின்றன. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஒன்றுபோலிருக்கும் வெள்ளை மாத்திரைகளை, மங்கிய கண்ணோடு நினைவை மட்டுமே நம்பி எடுக்கும் ஆச்சி தவறினால், அதை மறதி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை; அது வடிவமைப்பின் தவறு. நினைவிலிருந்து மீட்டெடுப்பதைவிடக் கண்ணால் கண்டு அடையாளம் தெரிந்துகொள்வது மனத்துக்கு எளிது என்பது உளவியலின் அடிப்படைப் பாடம்.

அமெரிக்காவில் டெபோரா ஆட்லர் என்ற வடிவமைப்பாளர், தாத்தாவின் மருந்தைத் தம் பாட்டி தவறுதலாக விழுங்கியதை அறிந்து, மருந்துப்புட்டியையே மாற்றி அமைத்தார். 2005இல் டார்கெட் என்ற பல்பொருள் அங்காடித் தொடரின் மருந்துக்கடைகளுக்கு வந்த அப்புட்டியில் தட்டையான முகப்பும், மேலே பெரிய எழுத்தில் மருந்தின் பெயரும், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையமும் இருந்தன.

நம் வீடுகளிலும் இதைச் செய்யலாம். காலைக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாக இரு நிறச் சிறு ஓலைப்பெட்டிகள் போதும். ஆனால் எந்த நிறம் எதற்கு என்பதை, மாத்திரை உண்பவரே முடிவுசெய்ய வேண்டும்.