புயலிலே ஒரு தோணி: நின்றுபோன வாசிப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கி, அறுபது பக்கம் போல வாசித்துவிட்டு வைத்துவிட்டேன். தெருப் பெயர், ஆட்பெயர் எதுவும் மனதில் நிற்கவில்லை. யார் பேசுகிறார்கள் என்பதே பிடிபடவில்லை. சென்ற மாதம் தற்செயலாக நடுவில் புயல் வரும் பகுதியைப் புரட்டினேன். பிறகு முதலிலிருந்து தொடங்கி மூன்றே நாளில் முடித்தேன். இப்போது எனக்கு மிகப் பிடித்த நாவல் இதுதான். முதல்முறை ஏன் உள்ளே போக முடியவில்லை? எங்கள் வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர் இதை எடுக்கப்போகிறோம். அவர்களும் பாதியில் நிற்காமலிருக்க என்ன செய்யலாம்? அவரது இன்னொரு நாவலான ‘கடலுக்கு அப்பால்’ஐ முதலில் படிக்க வேண்டுமா?

கே.

அன்புள்ள கே,

தமிழ் வாசிப்புலகமே இந்த நாவலைத் தவறவிட்டுத்தான் பிறகு கண்டெடுத்தது. 1962இல் எழுதப்பட்டு, அச்சேறியது 1972இல். அதன் பிறகும் அது பேசப்பட நெடுநாள் ஆயிற்று. விமர்சகர் சி. மோகன் போன்றவர்கள் விடாமல் எழுதியும் பேசியும் வந்தார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் தமிழினி பதிப்பகம் அவருடைய இரு நாவல்களையும் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்த பிறகே பரவலாகக் கைக்குக் கிடைத்தது. சிங்காரமோ மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, எந்த இலக்கிய வட்டத்திலும் சேராமல், இரண்டு நாவலோடு நிறுத்திக்கொண்டு, 1997இல் மறைந்தார்.

உங்கள் முதல் வாசிப்பு நின்றதற்குக் காரணம் நாவலின் முறையிலேயே இருக்கிறது. சிங்காரம் தன் உலகத்தை அறிமுகப்படுத்துவதில்லை. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், 1946இல் திரும்பியவர். அந்தத் தெருக்களில் நடந்து பழகியவன் நினைப்பது போலவே எழுதுகிறார். முதல் அத்தியாயத்தின் பெயரே ‘கெர்க் ஸ்ட்ராட்’. அது மெடானில் டச்சுக்காரர்கள் பெயரிட்ட தெரு. டச்சு, மலாய், சீனம், செட்டிநாட்டுக் கடைவழக்கு எல்லாம் விளக்கமின்றி வந்து விழும்போது, ஒவ்வொன்றையும் நின்று புரிந்துகொள்ளப் பார்ப்பவர் களைத்துப்போகிறார். கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட வேண்டும். ஜப்பான் படை ஊருக்குள் வருகிறது, ஜனம் வேடிக்கை பார்க்கிறது, கொள்ளையடித்தவர்களின் வெட்டுண்ட தலைகள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அந்த இடத்தில் தெருப் பெயரை மறந்தாலும் குடியொன்றும் முழுகிவிடாது.

ஆனால் அந்த வட்டிக்கடையின் அமைப்பை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. முதலாளி ஊரில் இருப்பார். அக்கரையில் கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன், பிறகு சமையலாள். மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். பினாங்கு, சிங்கப்பூர் போன்ற இடங்களில் ஒரே கிட்டங்கியில், அதாவது ஒரே கட்டடத்தில், பல மார்க்காக்கள் (கடைகள்) வரிசையாக இருக்கும். ஒரு கடை என்பது தரையில் விரித்த பாய், குட்டையான கணக்குப் பெட்டி, இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். பகலில் லட்சக்கணக்கில் வரவுசெலவு நடக்கும் அதே இடத்தில்தான் இரவில் படுக்கை. இவ்வளவு நெருக்கத்தில் வாழ்பவர்கள் பேசும் பேச்சு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், நாவலின் உரையாடல்கள் பாதி விளங்கிவிடும். ஆட்பெயர்க் குழப்பமும் இங்கேதான் தீரும். நாவன்னா, ஆவன்னா என்று வருபவை தலைப்பெழுத்துகள். கடை விலாசத்தை எழுத்தால் சொல்லும் வழக்கம் ஆட்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

நாவல் தேதிகளைச் சொல்லி நிறுத்தாது. ஆகவே ஒரு தாளில் இவற்றை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜப்பானியர் வட சுமத்ராவில் இறங்கினர். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார், அக்டோபர் 21இல் அவர் தலைமையில் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசு அமைந்தது. 1944இல் இந்திய தேசிய ராணுவம் கலந்துகொண்ட இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைய, இரண்டே நாளில் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. வரைபடத்தில் மெடான், அதன் துறைமுகமான பெலாவான், எதிர்க்கரையில் பினாங்கு மூன்றையும் குறித்தால் போதும். இடையில் இருப்பது மலாக்கா நீரிணை, நேர்க்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். போர்க்காலத்தில் வணிகர்கள் சரக்கோடு தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் அதைக் கடப்பது எவ்வளவு துணிச்சல் என்பது அப்போது தெரியும். ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்த காலம். கையில் பணமாக வைத்திருப்பதைவிடச் சரக்காக வைத்திருப்பதே புத்தி. உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் தற்செயலாகப் புரட்டிய பக்கமே உங்களை உள்ளே இழுத்ததில் வியப்பில்லை. அந்தப் புயல் பகுதியை வாய்விட்டு வாசித்தால் மட்டுமே முழுதாகக் கிடைக்கும். காற்றுக்கும் அலைக்கும் ஏற்ப வினைச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. எழுவாய் காணாமல் போகிறது. எது கடல், எது தொங்கான், எது மனிதன் என்ற பிரிவே வாக்கியத்தில் கரைந்துவிடுகிறது. கண்ணால் வேகமாக ஓடினால் இது வெறும் வர்ணனை. வட்டத்தில் நல்ல குரல் உள்ள ஒருவர் அதை நிறுத்தாமல் வாசிக்கட்டும், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேளுங்கள். தமிழ் உரைநடை எட்டிய உச்சங்களில் ஒன்று அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து வாசகர்கள் நழுவும் இடம் கதைநாயகன் பாண்டியனின் ஊர் நினைவுகள். சின்னமங்கலமும் மதுரைத் தெருக்களும் திடீரென்று மெடானுக்கு நடுவே வந்து நிற்கும். கதையை விட்டு விலகுகிறது என்று இவற்றைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டவே கூடாது. பிறந்த மண்ணை ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு முகமாக நினைவில் எண்ணிப் பார்ப்பவன்தான் பின்னால் அத்தனை எளிதாக உயிரைத் தூக்கி எறியத் துணிகிறான். அந்த நினைவுகளை விட்டுவிட்டால் பாண்டியன் வெறும் சாகசக்காரனாகத் தெரிவான்.

நண்பர்கள் குடித்துக்கொண்டே பழந்தமிழ்ப் பெருமையைக் கிழிக்கும் பகுதிகளில் உங்கள் வட்டம் சண்டை போட வாய்ப்புண்டு. அவற்றை ஆசிரியரின் பிரகடனமாக எடுத்துக்கொண்டு கோபப்படுபவர்களும் கைதட்டுபவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். பாண்டியனும் அவன் நண்பன் மாணிக்கமும் ஒருவர் வாயை ஒருவர் கிண்டுகிறார்கள். நையாண்டி செய்பவனுக்கே அந்தப் பழந்தமிழ்ப் பாட்டெல்லாம் மனப்பாடம். இரண்டு பேர் பங்கு பிரித்து வாசித்தால் பரிகாசத்துக்கு அடியில் இருக்கும் பற்று காதில் விழும்.

எட்டுப் பேருக்கு நான்கு அமர்வு வைக்கலாம். மெடானிலிருந்து புயல் முடியும் வரை முதல் அமர்வு. அதை இரண்டாகப் பிரிக்காதீர்கள், பிரித்தால் நீங்கள் நின்ற இடத்திலேயே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். பினாங்கும் நண்பர்கள் பேச்சும் இரண்டாவது. இந்திய தேசிய ராணுவம் மூன்றாவது. இந்தோனேசிய விடுதலைப் போரைத் தனி அமர்வாக வையுங்கள். முந்தைய பகுதியோடு சேர்த்துப் பேசினால் ஒரே போரின் தொடர்ச்சி போலத் தோன்றிவிடும். தன் நாட்டு விடுதலைக்காகப் படையில் சேர்ந்தவன், அது கலைந்த பிறகு, இன்னொரு நாட்டவரின் விடுதலைப் போரில் ஏன் இறங்குகிறான் என்பதை அந்த அமர்வு முழுக்கப் பேசலாம்.

‘கடலுக்கு அப்பால்’ பற்றி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது முதலில் வேண்டாம். நேர்கோட்டுக் கதை, செல்லையா–மரகதம் காதல், வயிரமுத்துப் பிள்ளையின் பிடிவாதம் என்று அது தெளிவான நாவல். அதைப் படித்த கையோடு இங்கே வருபவர் அதே போன்ற கதையைத் தேடி ஏமாறுவார். ஏற்கெனவே ஒருமுறை ‘தோணி’யைப் பாதியில் விட்டவர்களுக்கு மட்டும் அதை முதலில் கொடுங்கள். கடையும் அடுத்தாளும் போருக்குப் பிந்தைய பினாங்கும் அங்கே நிதானமாக விளங்கிவிடும். சிறிய நாவல்தான், ஒரு வாரம் போதும்.