64 ஜிபியில் 31 மட்டும் தெரிகிறதா?

லினக்ஸை மீண்டும் நிறுவ வேண்டாம், பிழை அதில் இல்லை. இரட்டைப் புரோசெசர் சேர்வரில் 64 ஜிபி ரேம் போட்டும் 31 தான் தெரிகிறது, வேலையும் ஆமை வேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இரண்டாவது புரோசெசருக்குரிய ரேம் வரிசை இயங்கவில்லை.

இத்தகைய மதர்போர்டில் ஒவ்வொரு புரோசெசருக்கும் தனி ரேம் வரிசை உண்டு. தன் வரிசை முடங்கினால் இரண்டாவது புரோசெசர் எல்லாவற்றுக்கும் முதலாவதிடமே கையேந்த வேண்டும்.

ஒவ்வொரு புரோசெசரிடமும் எவ்வளவு ரேம் இருக்கிறது என்று காட்டும் ‘நியூமாசிடிஎல்’ (numactl) கட்டளையை ஹார்ட்வேர் தெரிவுடன் (--hardware) இயக்குங்கள். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் நோட் 1 என்பது இரண்டாவது புரோசெசரும் அதன் ரேமும். அதன் அளவு 0 எம்பி என்றால் நான் சொன்னதுதான். தெரிகிற 31 ஜிபி இரண்டு நோட்டிலும் பாதிப் பாதியாக இருந்தால் கணினியைத் திறக்கவே வேண்டாம். பெரும்பாலும் பயோஸில் மெமரி மிரரிங் (ஒரே தரவை இரு பிரதியாக ரேமில் வைக்கும் வசதி) இயங்குகிறது, நிறுத்திவிடுங்கள்.

0 என்றால் மின்கம்பியைக் கழற்றிவிட்டு அந்த ரேம்களை வெளியே எடுத்துப் பாருங்கள். கல்முனையில் கடலோரம் வைத்திருக்கிறீர்கள். கல்லடியில் என் கணினியைத் திறந்தபோது ரேமின் பொன்னிற முனைகளில் மங்கிய பச்சைப் படலம் படிந்திருந்தது. உப்புக்காற்றின் உபயம்! ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் இரு பக்கமும் ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்தினேன், சரியாகிவிட்டது.

அப்படியும் சரிவராவிட்டால் இரு வரிசை ரேம்களையும் இடம் மாற்றுங்கள். குறை ரேமோடு போனால் ரேம் பழுது. அதே வரிசையில் நின்றால் புரோசெசர் சாக்கெட்டில் ஊசி வளைந்திருக்கலாம். அதை நீங்களாக நிமிர்த்தப் போகாதீர்கள்.

சரியானபின் 62, 63 என்று காட்டினால் பதற வேண்டாம். மீதி லினக்ஸின் மையமான கெர்னலும் மதர்போர்டின் ஃபெர்ம்வேரும் ஒதுக்கிக்கொள்வது.