கிருமியை விட்டுவிட்டு அதன் நஞ்சை மட்டும் முறித்தால் நோய் குணமாகுமா?

சில நோய்களில் அதுதான் முக்கியமான வைத்தியமே.

தொண்டை அடைப்பானை (டிப்தீரியா) எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடும். அங்கே சாம்பல் நிறத்தில் தோல்போல ஒரு படலம் ஒட்டியிருக்கும்; பிய்த்தால் ரத்தம் கசியும். அது மூச்சை அடைப்பது ஒரு ஆபத்து. இன்னொன்று, கிருமி கக்கும் நஞ்சு. ரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்பையும் தாக்கும். செல்லுக்குள் ஒரே ஒரு மூலக்கூறு நுழைந்தால் போதும், புரதம் தயாராவது நின்று அந்தச் செல் செத்துவிடும்.

இந்த நஞ்சை முறிக்கும் பொருள் ரத்தநீரில் (சீரம்) உருவாவதை 1890-இல் பெர்லினில் பெரிங், கிட்டசாட்டோ என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள். இன்றும் அந்த முறிமருந்து குதிரை ரத்தநீரிலிருந்துதான் வருகிறது. ஆனால் செல்லுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை அதனால் தொட முடியாது. அதனால்தான் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனே போடச் சொல்கிறார்கள். ஒரு நாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கலாம்.

சரி, ஆன்டிபயாடிக் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கிருமி இருக்கும்வரை நஞ்சு ஊறும், அடுத்தவருக்கும் தொற்றும். சில ஆன்டிபயாடிக்குகள் நஞ்சையும் குறைக்கும்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியால் வரும் சதையை அழிக்கும் தொற்றில், பெனிசிலினோடு கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பார்கள். கிளிண்டாமைசின் நஞ்சு உற்பத்தியையே அடக்கும்.

நஞ்சை முறிக்கும் மருந்து கிருமியைக் கொல்வதில்லை. அதனால் கிருமியிடம் மருந்தை எதிர்க்கும் திறன் வளரும் வாய்ப்பு குறைவு என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான்.