கோடக் 3ஏ பழைய மடக்கு கேமராவுல 120 ரோல் ஃபிலிம்: ஃப்ரேம் இடைவெளி இல்லாம ஒட்டிக்கிட்டு வருதுன்னா

ஃபிலிம் கேட்டோட (ஃபிலிம்ல படம் விழுற சட்டம்) இடது, வலது ஓரம் ரெண்டுலயும் 5 மி.மீ கருப்பு மாஸ்க் ஒட்டிடுங்க, ஃப்ரேமுக்கு நடுவுல கேப் தானா வந்துரும். ஃபிலிம் நம்பர் தெரியற சிவப்பு ஜன்னலை பின்கதவுல கேட்டுக்கு நேர் நடுவுல போட்டிருந்தீங்கன்னா, 1, 4, 7னு போகாம 2, 5, 8, 11, 14ல நிறுத்துங்க, அஞ்சு படமும் முழுசா கிடைக்கும்.

காரணம் இதுதான். இந்த கேமரா 122 ஃபிலிமுக்காக செஞ்சது, படம் அஞ்சரை இன்ச், அதாவது சுமார் 140 மி.மீ நீளம். 120 ரோலோட பின்பக்க பேப்பர்ல இருக்கற 16 படத்துக்கான நம்பர் வரிசையில ஒரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் ஏறக்குறைய 46, 47 மி.மீதான், மூணு நம்பர் தள்ளினா அதே 140, அப்புறம் கேப்புக்கு இடம் எங்க இருக்கு?

வீணாப்போன ஒரு ரோலை மாட்டி, ஜன்னல்ல நம்பர் பார்த்து நிறுத்தின பிறகு ஒவ்வொரு தடவையும் பின்கதவை திறந்து கேட் ஓரத்தை ஸ்கெட்ச் பேனால கோடு போட்டு பாருங்க. இடைவெளி ஒரே மாதிரி இல்லேன்னா அடாப்டர்ல (120 ஸ்பூலை 122 இடத்துல பொருத்துற துண்டு) ஸ்பூல் லூசா ஆடுதுன்னு அர்த்தம், அதை முதல்ல டைட் பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் கவனம், 122-ஐ விட 120 அகலம் கம்மி, மேலயும் கீழயும் தாங்க ரெயில் இல்லாம விட்டா ஃபிலிம் வளைஞ்சு ஷார்ப்னஸ் போயிரும், அதுக்கு மாஸ்க் உதவாது.