தீவுல இருக்கற பசங்களுக்கு ஜிஐஎஸ் மேப்பிங் சொல்லிக்கொடுக்க எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

ராமேஸ்வரம் தீவுல காலேஜ் பசங்களுக்கும் கடலுக்குப் போற இளைஞர்களுக்கும் ஜிஐஎஸ், அதாவது இடத்தோட தகவலைக் கம்ப்யூட்டர்ல மேப்பா போடற கிளாஸ் எடுக்கணும், எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. க்யூஜிஐஎஸ் தாங்க. காசு கிடையாது, பழைய லேப்டாப்லயும் ஒருமாதிரி ஓடும், படத்தை முன்னாடியே இறக்கி வச்சுக்கிட்டா நெட்டும் வேணாம். ஆனா நான் இந்தப் பக்கம் கிளாஸ் எடுக்கறப்போ முதல் நாள் லேப்டாப்பத் தொடவே விடமாட்டேன், ஏன்னா தீவுல மேப்பிங்னா பாதி வேலை எந்த டேட்டாவ நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கறதுதான்.

"கடல் ஏறினா எங்க ஊர்ல எது முங்கும்?" இதத்தான் பசங்க முதல்ல கேப்பாங்க. யூட்யூப் டுடோரியல் எல்லாம் எஸ்ஆர்டிஎம் உயர டேட்டாவ இறக்கி 1 மீட்டருக்குக் கீழ இருக்கறதுக்கு நீலக்கலர் அடின்னு சொல்லும், பார்க்க பயங்கரமா இருக்கும். ஆனா அது 2000 பிப்ரவரில விண்கலத்துல ரேடார் வச்சு எடுத்த டேட்டா, ரேடார் தரைல மட்டும் படல, தென்னை மேலயும் சவுக்கு மேலயும் பட்டுத்தான் திரும்பியிருக்கு, தப்பு பல மீட்டர் வரைக்கும் வரும். தனுஷ்கோடி மணல்திட்டே மொத்தம் சில மீட்டர் உயரந்தான், அப்புறம் அந்த நீலக்கலருக்கு என்ன அர்த்தம்?

சரி ஃபோன் ஜிபிஎஸ்ஸ வச்சு அளக்கலாமான்னா அது இன்னும் கூத்து. பாம்பன் கரையில நின்னு சில ஆப்ல பார்த்தீங்கன்னா உயரம் மைனஸ் 90 மீட்டருக்கும் கீழ காட்டும்! ஜிபிஎஸ் கணக்குல வச்சிருக்கற பூமி வடிவத்துக்கும் நிஜக் கடல்மட்டத்துக்கும் இந்தியப் பெருங்கடல்ல இந்தப் பக்கம் அவ்வளவு இடைவெளி, ஈர்ப்பு குறைவா இருக்கறதால கடல்மட்டமே கீழ இறங்கியிருக்கு. இதை வாயால சொன்னா மறந்துடுவாங்க, கரையில நிக்கவச்சு அவங்க ஃபோன்லயே காட்டுங்க.

அதனால நான் கொத்தனார் வச்சிருக்கற டியூப் லெவல்தான் (தண்ணி ஊத்தி மட்டம் பார்க்கற டியூப்) எடுத்துட்டுப் போவேன். பெருக்கு (கடல் ஏத்தம்) வந்துபோன ஈரக்கோட்டுலேருந்து ஆரம்பிச்சு தெருத்தெருவா பள்ளிக்கூடம் வரைக்கும் மட்டம் பிடிச்சுக்கிட்டே போனா புயல் வந்தா ஆளுங்க தங்கற கட்டடம் உண்மையிலேயே எவ்வளவு மேல இருக்குன்னு தெரிஞ்சுடும், செலவுன்னு பார்த்தா டியூப் காசுதான். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி போன ஊரு இது, எதுக்கு இந்த வேலைன்னு யாரும் கேக்கறதில்ல.

அடுத்தது கரைக்கோடு. மன்னார் வளைகுடா 21 தீவுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் முங்கிடுச்சு, ஒரு காலத்துல சுண்ணாம்புக்குப் பவளப்பாறைய வெட்டினதும் ஒரு காரணம்னு சொல்வாங்க. அதனால ரெண்டு சாட்டிலைட் படத்தை வச்சு தீவு எவ்வளவு சுருங்குச்சுன்னு பார்க்க எல்லாருக்கும் ஆசை வரும். ஆனா 20 அடிக்கு 1 அடி சரிவு இருக்கற மணல்கரைல தண்ணி அரை மீட்டர் ஏறினாலே 10 மீட்டர் உள்ள வந்துடும், சென்டினல் 2 சாட்டிலைட் படத்துல அது சரியா ஒரு பிக்சல், அதாவது ஒரே ஒரு புள்ளி. படம் எடுத்த நேரத்துல பெருக்கா வத்தமா (கடல் இறக்கம்)ன்னு பார்க்காம அரிப்புன்னு சொல்லிடக்கூடாது. வாடைக்காத்துல வடக்குக்கரை அடிவாங்கும், கச்சான்ல (தென்மேற்குக் காத்து) தெக்குக்கரை, அதனால வருஷம் மாறினாலும் மாசம் ஒண்ணா இருக்கணும். இதெல்லாம் கடலுக்குப் போற பசங்களுக்கு நீங்க சொல்லவே வேணாம், அவங்க உங்களுக்குச் சொல்வாங்க. பரப்பளவு எடுக்கறதுக்கு முன்னாடி மேப்ப யூடிஎம் ஜோன் 44 வடக்குக்கு (மீட்டர்ல அளக்கற முறை, இந்தப் பகுதிக்கானது) மாத்திக்கச் சொல்லுங்க, இல்லன்னா டிகிரில ஏதாவது வரும்.

நேரம் இருந்தா கிணறு மேப் கண்டிப்பா பண்ணுங்க. இந்த மணல்ல நல்லதண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்கு, மோட்டார் போட்டு இழுத்தா கீழ இருக்கறது மேல வந்துடும். தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி ஒவ்வொரு கிணத்துலயும் ஊத்துலயும் அளந்து ஃபோன்ல ஓடற கியூஃபீல்ட் மேப் ஆப்ல போடுங்க, கோடைல ஒருதடவ மழை முடிஞ்சு ஒருதடவ. பொம்பளைங்க இந்த மேப்பத்தான் ரொம்ப நேரம் பார்ப்பாங்க, குடத்தத் தூக்கறது அவங்கதானே.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. எந்தப் பார்ல (கடலடிப் பாறைத்திட்டு) மீன் கூடும், சங்கு எங்க கிடைக்கும், கடல் அட்டை எங்க இருக்குங்கறதெல்லாம் வரைஞ்சா அது ஊருக்குள்ளயே இருக்கட்டும், யார் வேணும்னாலும் பார்க்கற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஏத்த வேணாம். கடல் அட்டை பிடிக்கறது 2001லேருந்து தடை, ஆனாலும் திருட்டுத்தனமா எடுக்கறவன் இருக்கான், அவனுக்கு நாமளே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். தெரு, கிணறு, பள்ளிக்கூடம் இதெல்லாம் தாராளமா ஏத்துங்க.

அப்புறம் அந்த 21 தீவும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம பசங்கள போட்ல கூட்டிட்டுப் போயிடாதீங்க. ட்ரோனும் எல்லைப்பகுதிங்கறதால கேட்டுட்டுத்தான் பறக்கவிடணும். பயிற்சிக்குப் பாம்பன்லேருந்து அரிச்சல்முனை வரைக்கும் இருக்கற கரையே தாராளம்.