பழைய சீனாவின் வழிக்காவல் நிறுவனங்கள் கொள்ளையருக்கு மாமூல் கட்டிப் பிழைத்தவைதானா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வணக்கம். பழைய சீனாவில் வியாபாரிகளின் வெள்ளியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக ஆயுதம் தாங்கிய ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள் இருந்தன, ஆனால் அவர்கள் சண்டையே போடாமல் கொள்ளையர்களோடு பேசி வைத்துக்கொண்டு காசு பார்த்தவர்கள்தானாமே, அப்புறம் இதில் வீரம் எங்கே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கனவே இரண்டு பேர் "ஆமாம், எல்லாம் சினிமா பில்டப்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் பல வருடம் ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் கன்மேனாக இருந்தவன். என் சொந்த லைசென்ஸ், என் சொந்தப் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. வரலாற்றில் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் அடுத்தவன் பணத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்து பயணம் செய்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தத் தெரிதலோடுதான் சீனத்து ஆட்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். தங்கை மகன் பெய்ஜிங்கில் வேலையில் இருந்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு பிங்யாவ் ஊருக்கும் போய்ப் பார்த்தேன்.

அந்த நிறுவனங்களுக்குச் சீனத்தில் பியாவ்ஜூ என்று பேர். முதல் பியாவ்ஜூவை 18ஆம் நூற்றாண்டில், சியான்லோங் பேரரசர் காலத்தில், ஷான்ஷி மாகாணத்துக்காரர் ஒருவர் பெய்ஜிங்கில் திறந்தார் என்று ஒரு மரபுக் கதை உண்டு. அதை அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய மிங் அரசர்கள் காலத்திலேயே கூலிக்கு வழிக்காவல் போகிறவர்கள் இருந்தார்கள். தொழில் செழித்தது சிங் அரசர்கள் காலத்தில்.

ஏன் தேவைப்பட்டது என்பதை எடையிலிருந்து பாருங்கள். அன்றைய பெரிய கொடுக்கல் வாங்கல் எல்லாம் வெள்ளிக் கட்டியில். ஒரு லியாங் என்பது சுமார் 37 கிராம். பெரிய கட்டி ஒன்று 50 லியாங், கிட்டத்தட்ட 1.85 கிலோ. 10,000 லியாங் அனுப்ப வேண்டுமென்றால் 370 கிலோ வெள்ளியை வண்டியில் ஏற்றி, மலைக்கணவாய் தாண்டி, வாரக்கணக்கில் ஓட்டிப் போக வேண்டும். ஷான்ஷியின் பிங்யாவ், ச்சீ, தாய்கு வட்டாரங்களின் வியாபாரிகள் தெற்கத்தித் தேயிலையை வாங்கி மங்கோலியா தாண்டி ரஷ்ய எல்லையில் இருந்த கியாக்தா வரை விற்றவர்கள். அரசாங்கப் படை அரசாங்க வெள்ளிக்குத்தான் காவல். வியாபாரியின் வெள்ளிக்கு அவனவன்தான் ஆள் தேட வேண்டும்.

அந்த இடத்தில் வந்தவர்கள் இவர்கள். வெள்ளி, கடிதம், தானியம், சரக்கு, சில சமயம் ஆளையே கூட்டிப் போவதும் உண்டு. பணக்காரர் வீட்டுக் காவல், கடைகளுக்கு ராக்காவல் எல்லாம் எடுத்தார்கள். பெய்ஜிங்கின் ச்சியன்மென் வாசலுக்கு வெளியே இருந்த ஹுய்யோ என்ற நிறுவனம் பெரிய மந்திரி லி ஹோங்ஜாங் வீட்டுக்கே காவல் போட்டது. வழியில் சரக்கு பறிபோனால் அதன் மதிப்பை நிறுவனம் கட்டியாக வேண்டும். தம்பி, நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வியாபாரி வாங்கியது வாள்வீச்சை இல்லை. "போய்ச் சேரும், சேராவிட்டால் நாங்கள் தருகிறோம்" என்ற வாக்கை. சண்டை நடந்தால், ஜெயித்தாலும் நஷ்டம். ஆள் சாவான், மாடோ கழுதையோ சாவும், அந்தக் கும்பல் அடுத்த தடவை பழிவாங்கக் காத்திருக்கும். அதே பாதையில்தானே அடுத்த மாதமும் போக வேண்டும்?

இப்போது மாமூல் விஷயம். மறைக்கவில்லை, கொள்ளையரோடு அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. ஹுய்யோவில் வேலை பார்த்த லி யாவோச்சென் என்பவர் வயதான காலத்தில் தன் நினைவுகளைச் சொல்லி வைத்திருக்கிறார். கொள்ளைக்காரர்கள் பெய்ஜிங்குக்கு வந்தால் காவல் நிறுவனத்தார் தங்க இடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டதை அவரே ஒப்புக்கொள்கிறார். வழியில் முள் கிளை குறுக்கே போட்டிருந்தால் அது கும்பல் காத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நீங்களாக அதை எடுத்துப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. வண்டிகளை நெருக்கி நிறுத்திவிட்டு, தலைமைக் காவலர் மட்டும் கையில் ஆயுதம் இல்லாமல் முன்னால் போய் வணக்கம் சொல்வார். "யார் வீட்டுச் சோறு சாப்பிடுகிறாய்?" என்று எதிர்ப்பக்கம் கேட்கும். "நண்பர்கள் போடும் சோறு." "யார் கொடுத்த துணி உடுத்தியிருக்கிறாய்?" "நண்பர்கள் கொடுத்த துணி." இப்படிப் பேசிப் பேசித்தான் முள் கிளை விலகும். பேச்சு படியாவிட்டால்தான் வாள். அப்போது ஓட முடியாது. ஓடினவனுக்கு அந்தத் தொழிலில் மறுபடி இடம் இல்லை.

இதைக் கோழைத்தனம் என்கிறீர்களா? கும்பலுக்கு நேராக ஆயுதம் இல்லாமல் நடந்து போவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்திகளைத் தாண்டிப் போகலாம். திண்டிவனம் தாண்டி ஒரு கிராமத்துப் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வேன் டயர் வெடித்தது. உள்ளே பாதிக்கு மேல் பணம் லோடு ஆகாமல் இருந்தது. சாவி வைத்திருந்த கஸ்டோடியன் பையன்கள் இருவரும் சின்ன வயது, முகமெல்லாம் வெளுத்துவிட்டது. அன்று பக்கத்துக் கோயிலில் திருவிழா. டிராக்டரிலும் பைக்கிலும் வந்த கூட்டம் வேனைச் சுற்றி நின்றது. ஒருத்தன் நல்ல போதையில் வேன் பக்கவாட்டில் ஓங்கித் தட்டி, "உள்ள பணந்தான இருக்கு? தொறடா, பாத்துட்டுக் குடுத்துர்றோம்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஒரு பையன் செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தான்.

டிரைவர் என்னைப் பார்த்து, "சார், மேல ஒரு ரவுண்டு விட்டா கலைஞ்சுருவாங்க" என்றான். நான் துப்பாக்கியைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, விசையிலிருந்து விரலை எடுத்து, கதவுக்கு முதுகு கொடுத்து நின்றேன். கூட்டத்தில் வயதானவராக ஒருத்தரைத் தேடினேன். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் கண்ணில் பட்டார். "அண்ணே, நான் ரிட்டயர்டு மிலிட்டரி. இந்தப் பசங்க ரெண்டு பேரும் நம்ம ஊர்ப் பிள்ளைங்க மாதிரி. ஸ்டெப்னி மாத்திக்கிட்டுப் போயிடுறோம். நீங்க கொஞ்சம் பக்கத்துல நின்னாப் போதும்" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். போதைக்காரனை அவன் அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு கை பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பெஞ்சில் உட்கார வைத்தார். கூட்டத்தில் இருந்தே இரண்டு பேர் ஜாக்கி போட உதவினார்கள். கிளம்பும்போது அவர் டீ கொடுத்தார். பணி நேரத்தில் வெளியே எதுவும் குடிக்கக் கூடாது என்று சொன்னேன். "நல்லதுண்ணே, அதான் சரி" என்று டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

அன்றைய டியூட்டி ரிப்போர்ட்டில் இதற்கு எழுத இருந்தது ஒரே வரி: டயர் பஞ்சர், தாமதம். ஒரு குண்டு வெடித்திருந்தால் எல்லா டிவியிலும் வந்திருப்போம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, சீனக் காவலர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதிகளைப் படித்தபோது எனக்கு ஒவ்வொன்றும் நேரடியாக விளங்கியது. முகத்தில் பத்துக்கு மூன்று பங்கு சிரிப்பு இருக்கட்டும், நியாயம் உன் பக்கம் இருந்தாலும் மூன்று பங்கு விட்டுக்கொடு, குடித்தால் மூன்று பங்குக்கு மேல் குடிக்காதே. புதிதாகத் திறந்த சத்திரத்தில் தங்காதே, முதலாளி மாறிய சத்திரத்தில் தங்காதே, தாசிகள் இருக்கும் சத்திரத்தில் தங்காதே. தூங்கும்போதும் ஆயுதமும் உடுப்பும் உடம்பை விட்டுப் போகக் கூடாது. படகில் போனால் பகலில் தூங்கி இரவில் விழித்திரு, படகை விட்டு இறங்காதே. கொடி கட்டிய வண்டிக்கு முன்னால் ஒருவர் "ஹெ... வூ..." என்று நீட்டிக் கூவிக்கொண்டு போவார். யார் வருகிறார்கள் என்று மலைக்கே தெரியட்டும் என்பதற்காக. ஆனால் ஹபெய் பக்கம் சாங்ஜோ ஊர் வந்தால் கொடியை இறக்கிவிட்டு வாய் மூடிப் போக வேண்டும். அங்கே வீட்டுக்கு வீடு தற்காப்புக் கலை தெரிந்தவர்கள், அவர்கள் முன்னால் கூவிக்கொண்டு போவது மரியாதை இல்லை. எங்கே குரல் கொடுக்க வேண்டும், எங்கே அடக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் பாதி.

பிங்யாவில் தோங்ஷிங்கோங் என்ற பழைய நிறுவனத்தின் பேரில் காட்சியகம் வைத்திருக்கிறார்கள். வாங் ஜெங்ச்சிங் என்ற தற்காப்புக் கலைஞர் 1855இல் தொடங்கியது. சிங் அரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் கலவரத்தில் தெற்கே நாடே பற்றி எரிந்த காலம், பாதைகள் எல்லாம் கெட்டுக் கிடந்தன. வந்தவர்கள் எல்லாம் வாள், ஈட்டி அடுக்கிய தாங்கி முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் நடுவில், சரக்கு இரண்டு பக்கமும். பின்னால் இரண்டு கைப்பிடி, அவற்றை இணைத்து ஒரு வார். அந்த வாரைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் தள்ளுவார்கள். ஒரு பக்கம் எடை கூடினால் வண்டி சாய்ந்துவிடும். அதைத் தள்ளுகிறவன் நாள் முழுக்க இடுப்பால் சமன் செய்துகொண்டே போக வேண்டும். அப்படித் தள்ளிவிட்டு, ராத்திரி தூங்காமல் காவலும் இருக்க வேண்டும். சினிமாவில் இதைக் காட்ட மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அந்தக் காலத்து நிறுவனம், நஷ்டம் வந்தால் தானே கட்டியது. நான் வேலை பார்த்த கம்பெனியில் (பேர் வேண்டாம்) கணக்கில் ஒரு கட்டு குறைந்தபோது, விசாரணை முடியும் முன்பே அந்த இரண்டு பையன்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். பிறகு வேறு இடத்தில் எண்ணிக்கைத் தவறு என்று தெரிந்தது. பிடித்த பணம் முழுசாகத் திரும்பி வரவில்லை. அதில் ஒருவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. கோடிக்கணக்கில் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள் அந்தக் கைக்குக் கொடுக்கும் மரியாதை இவ்வளவுதான். ஏடிஎம் வாசலில் நிற்கிற காவலாளிக்கு ஒரு நாற்காலி போட எத்தனை இடத்தில் மனசு வருகிறது? "ஏய் வாட்ச்மேன்" என்று கூப்பிடுகிறவர்களில் படித்தவர்கள்தான் அதிகம். நீங்கள் அப்படிக் கூப்பிடுகிறவர் என்று சொல்லவில்லை தம்பி. ஆனால் "காசு பார்த்தவர்கள்தானே" என்று எழுதியபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

தொழில் எப்படி முடிந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். பிங்யாவிலேயே 1823இல் ரிஷெங்ச்சாங் என்ற உண்டியல் கடை வந்தது. இந்த ஊரில் வெள்ளியைக் கட்டிவிட்டு, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போய் அந்த ஊர்க் கிளையில் வெள்ளியாக எடுத்துக்கொள்ளலாம். இதனால் காவலர்கள் உடனே ஒழிந்துவிட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. ஒரு கிளையில் வெள்ளி தேங்கி இன்னொரு கிளையில் வறண்டால் நிஜ வெள்ளி போய்த்தான் ஆக வேண்டும். ஷான்ஷி வியாபாரிகள் வருடத்துக்கு நான்கு முறை கடன் தீர்க்கும் தவணை நாட்களையே காவல் வண்டிகள் வந்து சேரும் காலத்தை ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். ஊரே இவர்கள் வருகைக்குக் காத்திருந்தது. உண்மையான அடி பிறகு விழுந்தது. பெய்ஜிங்கிலிருந்து ஹன்கோவுக்கு ரயில் 1906இல் முழுசாக ஓட ஆரம்பித்தது. அடுத்த வருடம் ஷான்ஷியின் தலைநகர் தாய்யுவானுக்கும் ரயில் வந்துவிட்டது. பாங்குகள் வந்தன, கொள்ளையர் கையில் நவீனத் துப்பாக்கி வந்தது. தோங்ஷிங்கோங் 1913இல் மூடியது, ஹுய்யோ 1921இல்.

வீரம் எங்கே என்று கேட்டீர்களே, இரண்டு பேரைச் சொல்கிறேன். பெய்ஜிங்கில் யுவான்ஷுன் நிறுவனம் நடத்திய வாங் ஜெங்யீயை "பெருவாள் வாங் வூ" என்றுதான் ஊர் அழைத்தது. சீர்திருத்தம் கேட்டதற்காக 1898 செப்டம்பரில் தலை வெட்டப்பட்ட தான் சிதோங்குக்கு அவர் நெருங்கிய நண்பர். 1900இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கைப் பிடித்தபோது அந்தப் படையினர் கையில் உயிர்விட்டார். இன்னொருவர் மேலே சொன்ன லி யாவோச்சென். கொள்ளையனோடு நட்பாகப் பேசித்தான் பிழைத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்ன அதே ஆள்தான். ஹுய்யோ மூடியபின் பெய்ஜிங்கின் தியான்ச்சியாவ் பக்கம் டீக்கடை நடத்தினார். ஜப்பானியருக்கு எதிராக வாளோடு இறங்கிப் பேர் வாங்கிய, சீன ராணுவத்தின் 29ஆம் படையின் சிப்பாய்களுக்கு வாள் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். "எல்லாம் பில்டப்" என்று எழுதிய இரண்டு பேரும் இதைப் படித்துவிட்டு மறுபடி எழுதட்டும், பதில் சொல்கிறேன்.