ஊஞ்சல் அப்புறம், பட்டியல் முதலில்

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒரு தாய்க் கிராமமும் இரண்டு குக்கிராமங்களும் சேர்ந்தது. மக்கள்தொகை சுமார் 2,600. அங்கன்வாடி மையம் இரண்டு. இரண்டும் தாய்க் கிராமத்திலேயே. மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பில் செயலாளராக இருக்கிறேன். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஏதாவது சேர்க்க வேண்டும் என்று பேசினோம். அலுவலகத்தில் கேட்டால், "மையத்துக்கு வர்ணம் அடிச்சு ஊஞ்சல், சறுக்கு போட்டுடலாம், ரெண்டு லட்சத்துக்கு எஸ்டிமேட் போடுறேன்" என்கிறார்கள். இது போதுமா? வேறு என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வர்ணமும் ஊஞ்சலும் திட்டத்தில் முதலில் வந்து உட்காருவதற்குக் காரணம் உண்டு. மதிப்பீடு போடுவது எளிது, மார்ச்சுக்குள் முடியும், படம் எடுத்து அனுப்பலாம். ஆனால் அதனால் பயன் பெறுவது ஏற்கெனவே மையத்துக்கு வந்துகொண்டிருக்கும் மூன்று வயதுப் பிள்ளை. மையத்துக்கே வராத பிள்ளைகள்தான் உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்: குக்கிராமத்துப் பிள்ளைகள், அம்மா வேலைக்குப் போக வீட்டில் விடப்படும் கைக்குழந்தைகள்.

எனவே முதல் வேலை பட்டியல். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 12 முதல் 14 பிறப்பு. 2,600 பேருக்கு ஆண்டுக்கு 31 முதல் 36 குழந்தைகள். ஆறு ஆண்டுக்கு 190 முதல் 215 வரை வரவேண்டும். அங்கன்வாடிப் பதிவேட்டில் 120 பேர்தான் என்றால் மீதிப் பேர் எங்கே என்று தேடுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பப் பதிவு, தடுப்பூசிப் பதிவு இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்கள் பெரும்பாலும் மூன்று வகை: பிரசவத்துக்குத் தாய்வீடு போய்த் திரும்பியவர்கள், செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு போய் வருபவர்கள், தனியார் நர்சரிக்குப் போகும் பிள்ளைகள். முதல் இரண்டு வகைதான் நழுவிப் போகும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து விவரம் போதும். பிறந்த தேதி, கடைசியாக எடையும் உயரமும் பார்த்த நாள், விடுபட்ட தடுப்பூசி, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை யாரிடம் இருக்கிறது, வளர்ச்சியில் வீட்டாருக்கு ஏதாவது சந்தேகம் உண்டா. நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. உங்கள் திட்டம் அதிலிருந்துதான் பிறக்கும்.

எடை, உயரத்தில் தவறு நிறைய நடக்கும். செருப்பு, கனத்த துணி, சமமில்லாத தரையில் வைத்த எடைக்கருவி என்று சின்னச் சின்னக் காரணங்கள். இரண்டு வயதுக்குட்பட்டதைப் படுக்க வைத்தும், மேற்பட்டதை நிற்க வைத்தும் அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் முக்கால் சென்டிமீட்டர் வரை வேறுபடும். எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்துவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பெயர்களைக் கிராம சபையில் வாசிக்காதீர்கள். சபைக்கு எண்ணிக்கை போதும். பெயர்ப் பட்டியல் அங்கன்வாடிப் பணியாளரிடமும் செவிலியரிடமும் இருக்கட்டும்.

வளர்ச்சிச் சந்தேகத்துக்குச் சில அடையாளங்கள்: ஒன்பது மாதமாகியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிக்கொண்டிருந்த சொல்லை விட்டுவிட்டது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற சமாதானத்தில் வீணாகும் மாதங்கள் திரும்பக் கிடைக்காது. தேசிய சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரவேண்டும். அது வருகிற நாளில் மையத்தில் இருக்கும் பிள்ளைகளைத்தான் பார்க்கும். ஆகவே வட்டார மருத்துவ அலுவலகத்தில் தேதியை முன்கூட்டியே வாங்கி, குக்கிராமப் பிள்ளைகளை அன்று கொண்டுவர ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு நாள் வேன் வாடகைதான் செலவு. அங்கிருந்து, வளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் போனார்கள் என்றும் குறித்து வையுங்கள்.

இனி கடினமான இடம். நான்காவது கேள்விக்கு வரும் பதில்களைக் குக்கிராமம் வாரியாக எண்ணுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பாட்டியிடமோ, எட்டு வயது அக்காவிடமோ இருப்பது தெரிய வரும். சத்துமாவுப் பாக்கெட் ஒழுங்காக வந்தும் எடை ஏறாததற்குக் காரணம் பல வீடுகளில் இதுதான். அந்த மாவு வீட்டுக்கே பொதுவாகிவிடும். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும். அம்மா களையெடுப்புக்குப் போன நாளில் அதற்குக் கிடைப்பது காலையும் இரவும்தான், நடுவில் டீயில் நனைத்த பிஸ்கட். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு மருந்து பகல்நேரக் காப்பகம். 2013ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்கிறது. எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெண்களை வையுங்கள். ஒருவர் சமையலுக்குப் போனால் இன்னொருவர் பார்க்க வேண்டுமே. இடம் சமுதாயக்கூடமாகவோ, வாடகை வீடாகவோ இருக்கலாம். கிணறு, திறந்த தொட்டி, சாலை மூன்றும் தள்ளி இருக்க வேண்டும். சிக்கல் சம்பளத்தில்தான். ஒன்றிய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் மானியத்தைச் (நிதிக்குழு மானியம்) சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஊராட்சியின் சொந்த வருவாய், குழுக் கூட்டமைப்பின் பங்கு, பெற்றோர் தரும் சிறு தொகை என்று மூன்றையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அங்கன்வாடியோடு இணைந்த காப்பகத்துக்கு ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டம் இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்கு அது கிடைக்குமா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு குக்கிராமங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் அதிகம் உள்ள ஒன்றில், நடவும் களையெடுப்பும் மும்முரமான மாதங்களில் தொடங்கினால் தேவை தானாகத் தெரியும்.

மையங்களின் எண்ணிக்கையையும் கேட்கலாம். 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 1,600க்கு மேல் 2,400 வரை மூன்று என்பது விதிமுறை. உங்கள் ஊராட்சி அதையும் தாண்டியது, ஆனால் இருப்பது இரண்டுதான். 150 முதல் 400 பேர் உள்ள குடியிருப்புக்குக் குறுமையம் கேட்கவும் இடமுண்டு. ஒப்புதல் மேலிருந்து வரவேண்டும் என்பதால் காலம் பிடிக்கும். கோரிக்கையோடு குடியிருப்பின் மக்கள்தொகை, பிள்ளைகள் எண்ணிக்கை, இப்போதைய மையத்துக்குள்ள தூரம், இடையில் ஓடையோ நெடுஞ்சாலையோ இருந்தால் அது, எல்லாவற்றையும் இணையுங்கள். வெறும் "மையம் வேண்டும்" என்ற தீர்மானம் கோப்பில் தூங்கும்.

கட்டடச் செலவைச் சரியான தலைப்பில் போட்டால் ஊராட்சிக்கும் சுமையில்லை. நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே உரியது. 15வது நிதிக்குழுக் காலத்தில் (2021–26) அது 60 சதவீதம். மையத்தின் கழிப்பறை, தண்ணீர் இணைப்பு, கைகழுவும் குழாய் இவற்றை அதில் கேளுங்கள். பிள்ளைகளுக்கான சின்னக் கழிப்பறைக் கோப்பையையும், ஒன்றரை இரண்டு அடி உயரத்தில் குழாயையும் மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் பெரியவர்களுக்கான கழிப்பறை வரும். அதைப் பூட்டி, துடைப்பம் வைக்கும் அறையாக்கிவிடுவார்கள்.

ஊஞ்சல் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டால் கீழே ஒன்பது அங்குலத்துக்குக் குறையாமல் மணல், சுற்றிலும் ஆறடி காலியிடம், நிழல். சிமெண்ட் தளத்தின் மேல் போட்டால் அது ஆபத்து. வெயிலில் காயும் தகரச் சறுக்கில் காலை பத்து மணிக்கு மேல் எந்தப் பிள்ளையும் உட்காராது. மணல் நிரப்பவும் போல்ட் முறுக்கவும் ஆண்டுக்கு ஒரு தொகை எழுதுங்கள்.

கேட்கும் முறை இது. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் ஒன்பது கருப்பொருள்களில் மூன்றாவது 'குழந்தை நேய கிராமம்'. உங்கள் கோரிக்கை அதன் கீழ் வரும். மகளிர் குழுக்கள் தயாரிக்கும் கிராம வறுமைக் குறைப்புத் திட்டம் இதோடு இணைக்கப்பட வேண்டியது என்பதால், செயலாளர் என்ற முறையில் உங்களுக்கு நேரடி வழியே இருக்கிறது. பட்டியலை ஆகஸ்ட் 15 கிராம சபைக்குள் முடித்து, அக்டோபர் 2 சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்கள் மக்கள்தொகைக்குக் குறைவெண், அதாவது சபை செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, 100 பேர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சியிலும் சபை கூடும். தீர்மானத்தில் வேலை, இடம், பயன்பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, நிதித் தலைப்பு, முடிக்கும் மாதம் ஐந்தும் இருக்கட்டும். பதிவேட்டில் எழுதி முடிக்கும் வரை உட்கார்ந்து, தீர்மான எண்ணோடு நகல் வாங்கி, ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒன்றைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.